ஆவுளியா மேல் வைத்த கை

சம்பைத்துறையில் ரப்பர் ஆவுளியா மூச்சுவிடத் தொடங்கிய வருஷத்தில்தான் ஏலக் கூடத்துக்குப் புதுத் தகரம் போட்டார்கள், பள்ளிவாசல் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, சூசை அண்ணன் தன் வள்ளத்துக்கு இரண்டாம் முறை பெயர் மாற்றினார். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் இந்த நாலையும் நாங்கள் ஒரே குரலில்தான் சொல்லுவோம், ஒன்றுக்காகக் குரலை உயர்த்தமாட்டோம், ஏனென்றால் நாலும் எங்கள் கண்முன்னால் நடந்தவை, நாலுக்கும் நாங்கள் பழகிப்போனோம்.

ஆவுளியா என்று நாங்கள் சொல்வது கடல்பசுவை. கடலுக்கடியில் புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சுக்கு மட்டும் மேலே வந்து மூக்கைத் திறந்து மூடிவிட்டுப் போகும். எங்கள் தகப்பன்மார் காலத்தில் வலைக்கு வலை தட்டுப்பட்டதாம். நாங்கள் தலையெடுத்தபோது கரையில் செத்து ஒதுங்கியவற்றைத்தான் பார்த்தோம். அந்தச் செத்தவற்றைப் படிப்பதற்கென்றே கரையோரமாக ஒரு நீளமான கொட்டகை கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து மாட்டு டாக்டர் படிப்பு முடித்த பிள்ளைகளையும் கடல் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளையும் வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். எதனால் செத்தது என்று கீறிப் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, நுரையீரலில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று காது வைத்துக் கேட்பது, கடைசியாக, உயிரோடு ஒதுங்கிய ஒன்றைச் சாகவிடாமல் மறுபடி கடலில் சேர்ப்பது. கடைசிப் பாடத்துக்கு மட்டும் உயிரோடு ஒன்று வேண்டியிருந்தது, கடலில் கிடைக்கவில்லை. அதனால் தடித்த ரப்பரில் ஆவுளியா உருவத்தை ஆள் நீளத்துக்கும் அதிகமாகத் தைத்து, உள்ளே கடல் தண்ணீரை நிரப்பி, மூக்குத் துவாரம் இரண்டையும் கறுப்புப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார்கள்.

பயிற்சி நடத்திய பாக்கியநாதன் சார் தொண்டை கட்டிய குரலில் ஒவ்வொரு வருஷமும் ஒரே விஷயத்தைச் சொல்லுவார், கொட்டகைக்கு வெளியே வலை பிரித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கும் அது மனப்பாடம். "ஒதுங்குன மிருகம் காயத்துல சாகுறதைவிட பயத்துல சாகுறதுதான் அதிகம். அதுக்கு மருந்து ஒரு கை. முன்துடுப்புக்குப் பின்னால உள்ளங்கையை வச்சு மூச்சை எண்ணணும். அடுத்த ஆள் வந்து, பக்கத்துல கையை வச்சு, 'நான் இருக்கேன்'னு சொல்லணும். அப்புறம்தான் நீங்க 'நான் விடுறேன்'னு சொல்லிட்டு எடுக்கணும். முறை மாத்தாம கையை எடுத்தவங்க இந்த வேலைக்கு லாயக்கில்ல."

அந்த வருஷம் வந்த கூட்டத்தில் யோகேஸ்வரி என்று ஒருத்தி இருந்தாள், அரூர்ப் பக்கம், கடலை அதற்கு முன் பார்த்திராதவள், நீச்சல் தெரியாதவள். அவளை நாங்கள் கவனித்தோம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அது பொய். அவளை யாரும் கவனிப்பதில்லை. அப்படி ஒரு முகம் அவளுக்கு. குழுவாகப் படம் எடுத்தால் முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னால் அவள் காதும் பின்னலும் மட்டும் விழும், டீ கொடுத்து வருகிறவர்கள் அவளுக்கு முந்தினவரோடு தட்டைத் திருப்பிவிடுவார்கள், அவளும் கேட்கமாட்டாள்.

கடைசி நாள் மத்தியானம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. யோகேஸ்வரி முறை. அவளுக்கு அடுத்த முறை ஜெரோம் என்ற பையனுடையது, சிரித்த முகம், எல்லாருக்கும் வேண்டியவன். அந்த நேரம் பார்த்து, சாயங்காலம் வருவதாயிருந்த பெரிய அதிகாரி மத்தியானமே வந்து இறங்க, சான்றிதழ் விழாவை உடனே வைத்தாக வேண்டும் என்று கூவிக்கொண்டு ஆள் ஓடிவர, பிரியாணி அண்டா வேறு திறக்கப்பட்டு வாசனை கரைவரைக்கும் வர, எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். யாரோ மாற்றியிருப்பார்கள் என்று ஜெரோம் நினைத்தான். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, "பாத்ரூம் போயிருப்பா சார்" என்று ஒரு குரல் வந்தது, சான்றிதழை ஜெரோமே வாங்கித் தன் பைக்குள் வைத்தான். பஸ் கிளம்புமுன் தலை எண்ணினார்கள், சரியாக இருந்தது. முக்கு ரோடுவரை போகவேண்டியிருந்த எங்கள் ஊர்ப் பெயிண்டர் ஒருவர் அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தார், அவள் பொட்டலத்தையும் அவரே சாப்பிட்டார், முட்டை பெரிசாக இருந்ததாக இன்றைக்கும் சொல்லுவார்.

அவள் கையை எடுக்கவில்லை. முறை மாற்ற யாராவது வருவார்கள் என்றுதான் இருந்தாள். கோபமெல்லாம் இல்லை, காத்திருந்து பழக்கப்பட்டவள். வெயில் சாய்ந்தது, வள்ளங்கள் கரைக்கு வந்தன, நாய்கள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயின, அப்போது அவள் உள்ளங்கைக்குக் கீழே ரப்பர் மெதுவாகப் புடைத்தது, பெயிண்டில் வரைந்த இரண்டு துவாரமும் மூடி திறப்பதுபோலத் திறந்தன, உள்ளேயிருந்து மென்ற புல் வாசத்தோடு ஒரு காற்று வந்தது, துவாரங்கள் மூடிக்கொண்டன.

"ஒண்ணு" என்றாள் யோகேஸ்வரி.

முதலில் பார்த்தது டீக்கடை மரியபுஷ்பம் அக்கா. அவள் ஆவுளியாவைப் பார்க்கவில்லை, பெண்ணைத்தான் பார்த்தாள். "ஏம்மா, பஸ்ஸு போயி எவ்வளவு நேரம் ஆச்சு, நீ இன்னும் பொம்மையோட உக்காந்திருக்க?"

"முறை மாத்த ஆள் வரலைங்கக்கா."

"அது மூச்சு விடுது பாரு."

"ஆமாங்கக்கா. அதனாலதான் எந்திரிக்க முடியல."

மரியபுஷ்பம் அக்கா அதில் விசாரிக்க ஒன்றும் இருப்பதாக நினைக்கவில்லை. டீயை ஆற்றிக் கொண்டுவந்து அவள் வாயருகில் பிடித்தாள். பிறகு தானே மண்ணில் முட்டி போட்டு, ரப்பர்மேல் கையை வைத்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "நான் இருக்கேன்த்தா. போயி ஒருவாய் சாப்பிட்டு வா" என்றாள். யோகேஸ்வரி தயங்கி, "விடுறேன்" என்று கையை எடுத்தாள். மூச்சு வரவேண்டிய நேரம் வந்தது, ரப்பர் ரப்பராகவே குளிர்ந்து கிடந்தது, ஓரத் தையலிலிருந்து தண்ணீர் கசிந்தது. பதறிப்போய் அவள் கையைத் திரும்ப வைத்ததும் மூக்கு திறந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் முயன்று பார்த்தோம். சூசை அண்ணன் கடலில் கழித்த தன் வயசை நம்பிக் கை வைத்தார், ஏலம் விடும் காதர் மீரா தன் குரலை நம்பி வைத்தார். காட்டிலாகா ரேஞ்சர் உத்தியோகத்தை நம்பித் தொப்பியோடு வந்து, "நான் இருக்கேன்" என்று அதட்டியே பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "முறை உங்களோடது இல்லீங்களே" என்றாள் அவள், ஏதோ அவளே தப்பு செய்துவிட்டதுபோல.

இப்படித்தான் அவள் எங்கள் ஊரில் இருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் பால் பொங்கி இறக்கும் அளவுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்துக்குள் யோகேஸ்வரி மரியபுஷ்பம் அக்காவின் வீட்டுக்கு ஓடி, குளித்து, துணி மாற்றி, ஈரத் தலையோடு ஓடிவந்து கையை வைத்துவிடுவாள், பெண்கள் வழியை ஒதுக்கி விடுவார்கள், ஆண்கள் திரும்பி நின்றுகொள்வார்கள். தூங்கும்போது அதன் மேலேயே சாய்ந்து தூங்கினாள். மேலே ஒரு சாக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு குடம் கடல் தண்ணீர் மொண்டு சாக்கை நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள், நனைக்காமல் போன பிள்ளையை அதன் அம்மாவே திருப்பி அனுப்பினாள்.

மூச்சு வரும்போது சத்தம் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே நிறுத்தினோம். சவரக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். கோவில் ஒலிபெருக்கியில் பாட்டைத் தணிப்பார்கள். புருஷன் பெண்சாதி சண்டைகளில்கூட வாயெடுத்தது அப்படியே நிற்கும், மூச்சு வந்து போனபின் எதற்காகச் சண்டை என்பது பாதி மறந்திருக்கும். ஏலத்தில்தான் பெரிய பாதகம்: காதர் மீரா விலையை ஏற்றிக்கொண்டே போகிறபோது மூச்சு வந்துவிட்டால் வியாபாரிகளுக்கு யோசிக்க இடம் கிடைத்துவிடும். "உன் பசுமாடு என் வாயில மண்ணைப் போடுதும்மா, கொஞ்சம் அடக்கி விடச் சொல்லேன்" என்று கத்துவார் அவர். "சொல்லிப் பாக்குறேன் மாமா" என்பாள் அவள், நிஜமாகவே குனிந்து சொல்லுவாள்.

ரேஞ்சருக்குத்தான் தூக்கம் போயிற்று. மிருகம் என்றால் அதைத் தொட்டதற்கே எங்கள் எல்லார்மேலும் வழக்குப் போடவேண்டும், பொம்மை என்றால் கொட்டகைச் சாமான், பூட்டி வைக்கவேண்டும். மேலிடத்துக்குக் கேட்டு எழுதினார். இருக்கிற நிலையிலேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை ஏழெட்டு தடவை படித்துவிட்டு யோகேஸ்வரியைப் பார்த்து, "இது உனக்கும் சேத்துத்தான் போலம்மா" என்றார்.

அவள் தகப்பன் போனில் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. "என்னம்மா, வேலை கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுங்கப்பா."

"டெம்பரவரியா?"

மூச்சு வருகிற நேரம், அவள் அதை எண்ணி முடித்தாள். "நிரந்தரம்தானுங்கப்பா" என்றாள்.

பாக்கியநாதன் சாருக்கும் போன் போட்டோம். "யோகேஸ்வரியா? எந்த வருஷத்துப் பொண்ணு?" என்று அவர் கேட்டார், நல்ல மனுஷர், ஞாபகம்தான் வரவில்லை. அடுத்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு அவரே வந்தபோது மூச்சுவிடும் ரப்பரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், இப்படி ஒன்றைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார், பிள்ளைகளை வரிசையாக விட்டு டாக்டர் குழல் வைத்து மூச்சைக் கேட்கச் சொன்னார். "பக்கத்துல இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றும் சொன்னார். ஒரு பெண் தவறுதலாக யோகேஸ்வரியின் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "மூச்சு இருக்கு சார், ஆனா ரொம்ப மெதுவா இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் சிரித்தாள். அந்தப் பெண் குழலை எடுத்த பிறகும் அவள் முதுகு கொஞ்சநேரம் அந்தப் பக்கமாகவே சாய்ந்திருந்ததை மரியபுஷ்பம் அக்கா பார்த்தாள்.

பனிக்காலம் முடிகிற சமயத்தில் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. பால் பொங்கி, ஆறி, ஆடை கட்டியது. ரப்பர் வெளிறியது. பிள்ளைகள் கொண்டுவந்த புல்லை வாயருகில் வைத்தால் மோந்துகூடப் பார்க்கவில்லை. "கரையில வச்சிருந்தா செத்துரும்" என்றாள் யோகேஸ்வரி. படித்த படிப்பிலிருந்து அவள் எங்களுக்குச் சொன்ன ஒரே விஷயம் அது. "கடல்ல விடணும். ஆனா நான் கூடப் போக முடியாது, எனக்கு நீச்சல் தெரியாது. கையில்லாம விட்டா முங்கிரும். முறைக்காரன் வரணும்."

அதனால் முறைக்காரனைத் தேடினோம். ஜெரோம் கோயம்புத்தூரில் நாய்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். ரேஞ்சர் பேசினார், சூசை அண்ணன் பேசினார், கடைசியில் மரியபுஷ்பம் அக்கா போனை வாங்கி, "தம்பி, நீ பிரியாணி திங்கப் போயி வருஷம் ஒண்ணு தாண்டிருச்சு, இன்னும் கை கழுவலையா?" என்று கேட்டாள். மறுநாள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினான்.

அவன் கெட்டவன் இல்லை. அவளைப் பார்த்ததும் கண் கலங்கினான், பையிலிருந்து மடங்கிப்போன சான்றிதழை எடுத்து நீவி நீட்டினான். "சாரி யோகா. எனக்கு அடுத்து இருந்த மதன் மாத்திட்டான்னு நெனச்சேன். மதன் நான் மாத்திட்டேன்னு நெனச்சிருக்கான்."

"பரவால்ல. கையை வை."

முட்டி போட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் கை வைத்து, "நான் இருக்கேன்" என்றான். ஊரே நின்றது. ஆவுளியா மூக்கைத் திறந்து, பல நாளாக விடாத ஒரு பெரிய மூச்சை விட்டது. முறை அவனுடையது, அவ்வளவுதான்.

"விடுறேன்" என்று சொல்லி யோகேஸ்வரி கையை எடுத்தாள்.

உடனே வேலை தொடங்கிவிட்டது. நீர் ஏறுகிற நேரம், வள்ளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், சாக்கில் ஏந்தித் தூக்கி இரண்டு வள்ளத்துக்கு நடுவில் கட்டினார்கள். ஜெரோம் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கிடந்தபடி கையை வைத்துக்கொண்டான், டீத்தம்ளர் அவன் வாய்க்குப் போயிற்று, நாங்கள் எல்லாரும் அவனைச் சுற்றித்தான் நின்றோம். அவள் பந்தலுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தாள். பந்தலை யாரோ பிரித்தெடுத்தார்கள், நகர்ந்து வெயிலில் நின்றாள். வலது உள்ளங்கை வெளுத்து, ஊறி, ரேகையில்லாமல் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் வள்ளங்கள் திரும்பின. ஜெரோம் தலையைத் துவட்டிக்கொண்டே குதித்து வந்தான். "போயிருச்சு யோகா! புல்லு இருக்கற இடம் வந்ததும் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்துச்சு பாரு!"

"யாரு மாத்துனா?"

"யாரு மாத்துறது? நான் கையை எடுத்தேன், அது போயிருச்சு. விடுறதுக்குத்தானே படிச்சோம்?"

"யார்கிட்ட விட்ட?"

"கடல்கிட்ட."

"கடல் 'நான் இருக்கேன்'னு சொல்லுச்சா?"

அவன் கடலைத் திரும்பிப் பார்த்தான். ஆறு மணி பஸ் முக்கில் ஹாரன் அடித்தது. அவன் எந்தப் பக்கம் போவதென்று நிற்கும்போதே அவள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள்.

எங்கள் கடல் அலையில்லாத கடல், முழங்காலளவில் வெகுதூரம், இடுப்பளவில் அதைவிட வெகுதூரம் நடக்கலாம், அதற்கப்புறம்தான் ஆள் முங்கும் ஓடை விழும். அவளுக்கு ஓடை எங்கே என்று தெரியாது. சூசை அண்ணன் கத்தினார், அவள் திரும்பவில்லை, நாங்களும் வேட்டியை மடித்து, சேலையைச் சொருகிப் பின்னாலேயே இறங்கினோம், ஒரு ஊர்வலம்போல, யாரும் ஓடவில்லை, தண்ணீரில் யாராலும் ஓடமுடியாது.

கடலடிப் புல்வெளிக்கு மேலே ரப்பர் மிதந்துகொண்டிருந்தது, காலியாக, உரித்துப் போட்ட சட்டைபோல. வயிற்றுத் தையல் நெடுக உள்ளேயிருந்து பிரிந்திருந்தது. மூக்கு மறுபடி பெயிண்ட். வாயிடுக்கில் மட்டும் மென்ற புல் ஒரு கொத்து, பச்சையாக. ரேஞ்சர் ரப்பரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார், "அப்ப இது பொம்மைதான்" என்றார், அவர் முகத்தில் எத்தனையோ மாதத்துப் பாரம் இறங்கியது.

அப்போது கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு மேலே, அந்த மூச்சு வந்தது.

எல்லாருக்கும் தெரியும் அது எந்த மூச்சு என்று. அதற்காக நாங்கள் வாயை மூடிப் பழகியவர்கள். யோகேஸ்வரி ஓரடி எடுத்து வைத்து, வெளுத்த கையைத் தண்ணீர்மேல் விரித்து, "இருக்கேன்" என்றாள். அடுத்த மூச்சு இன்னும் தள்ளி வந்தது. அவள் இன்னும் ஓரடி வைத்தாள். தண்ணீர் மார்புக்கு வந்தது. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. தண்ணீர் கழுத்துக்கு வந்தது, பின்னல் மிதந்தது, இன்னும் ஓரடியில் ஓடை. பிடித்து இழுத்திருக்கலாம், சூசை அண்ணன் கை நீட்டவும் செய்தார், ஆனால் அவள் நின்ற நிலையில் அவளைப் பிடித்து இழுப்பது, முறை மாற்றாமல் ஒருவர் கையைத் தட்டிவிடுவதுபோல இருந்தது.

மரியபுஷ்பம் அக்காதான் எல்லாரையும் விலக்கிக்கொண்டு போனாள். குட்டையான மனுஷி, தண்ணீர் அவள் தாடையில் இருந்தது. அந்தப் பெண்ணின் கைக்குப் பக்கத்தில் தன் கையைத் தண்ணீர்மேல் வைத்தாள். கடலைப் பார்க்கவில்லை. முதல் நாள் பார்த்தமாதிரியே அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்" என்றாள்.

யோகேஸ்வரி திரும்பினாள். அந்த அக்காவை, அவளுக்குப் பின்னால் நனைந்துபோய் நின்ற எங்களை, தூரத்தில் கரையில் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்த ஜெரோமை, அன்றைக்குத்தான் வந்து இறங்கியவள்போல ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் சொல்லவேண்டிய வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம். உதடு அசைந்தது. "விடுறேன்" என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அடுத்த அடியையும் எடுத்து வைக்கவில்லை. தண்ணீர்மேல் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தன, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அடுத்த மூச்சு அவ்வளவு மெல்லக் கேட்டதால் அது கடலில் இருந்து வந்ததா, எங்களில் ஒருவர் விட்டதா என்று இன்றுவரை எங்களால் சொல்லமுடியவில்லை.